தூண்டில் கோலின் எண்ணும் எழுத்தும்: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்து ஏரிகளில் தூண்டில் போடும் நண்பர்கள் ஒடிந்த கோலையோ ஒத்துவராத கோலையோ என்னிடம் கொண்டுவரும்போது, கைப்பிடிக்குச் சற்று மேலே அச்சிட்டிருக்கும் எண்ணைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். பத்தில் பாதிக் கோளாறுக்கு விடை அங்கேயே கிடைத்துவிடுகிறது. வளையங்களும் கைப்பிடியும் ரீல் இருக்கையும் பொருத்துவதற்கு முந்தைய வெறுங்கோலுக்குப் பிளாங்க் என்று பெயர். அந்தப் பிளாங்கின் நீளம், வலு (பவர்), வளையும் விதம் (ஆக்‌ஷன்), துண்டுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சுருக்கி எழுதியதே மாடல் எண். கோலில் இவை ஆங்கில எழுத்துகளில் இருக்கும். இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இந்த எண்ணை எப்படி எழுத வேண்டும் என்று எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் பொது விதி கிடையாது. ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொரு நிறுவனத்தின் வழக்கத்தைக் கொண்டு படிப்பதில்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் பிறக்கின்றன.

அறிகுறி: எண்ணைப் பார்த்து வாங்கிய கோல், நினைத்த நீளத்தில் இல்லை

ராணிப்பேட்டையிலிருந்து வந்த தம்பி ஒருவர், காவேரிப்பாக்கம் ஏரிக்கரையிலிருந்து கட்லாவுக்குத் தொலைவாக வீச வேண்டும் என்று ஒரு பிளாங்கை வரவழைத்திருந்தார். அதன் எண்ணில் 964 என்று இருந்தது. 9 அடி 6 அங்குலம் என்று அவர் எண்ணியிருக்க, வந்ததோ 8 அடி. அனுப்பியவர் தவறு செய்யவில்லை. அந்த வரிசையில் 96 என்பது அங்குலக் கணக்கு. 96 அங்குலம் என்றால் சரியாக 8 அடி. கடைசியில் நின்ற 4, வலுவின் எண்.

நீளத்தை எழுதுவதில் மூன்று வழக்கங்கள் புழங்குகின்றன. முதலாவது, அடியையும் அங்குலத்தையும் ஒட்டி எழுதுவது. செயின்ட் குரோய் நிறுவனத்தின் டிஆர்எஸ்66எம்எஃப்2 என்ற எண்ணில் டிஆர் வரிசையின் பெயர், எஸ் ஸ்பின்னிங் (ரீல் கோலுக்குக் கீழே தொங்கும் வகை), 66 என்பது 6 அடி 6 அங்குலம், எம் வலு, எஃப் வளையும் விதம், கடைசி 2 துண்டுகளின் எண்ணிக்கை. இரண்டாவது, மொத்தத்தையும் அங்குலத்தில் எழுதுவது. ஜி லூமிஸ் நிறுவனத்தின் எம்பிஆர் 783சி என்பதில் 78 அங்குலம், அதாவது 6 அடி 6 அங்குலம், 3 வலு, சி காஸ்டிங் (ரீல் கோலுக்கு மேலே அமரும் வகை). எம்எச்எக்ஸ் பிளாங்குகளில் எம்பி843 என்பதும் இதே முறைதான்: 84 அங்குலம் 7 அடி, வலு 3. மூன்றாவது, நம் ஊர்க் கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் கோல்களில் உள்ள மெட்ரிக் வழக்கம். 210 என்றால் 2.1 மீட்டர், கிட்டத்தட்ட 7 அடி. 240 ஏறக்குறைய 8 அடி. 270 ஏறக்குறைய 9 அடி.

சிக்கல் மூன்றாவது இலக்கத்தில்தான் வருகிறது. டைவா நிறுவனத்தின் டிடியூ701எம்எச்எஃப்பி என்ற எண்ணைப் பார்ப்பவர்கள் 701 என்பதை 7 அடி 1 அங்குலம் என்று படித்துவிடுகிறார்கள். அங்கே 70 என்பது 7 அடி, 1 என்பது ஒரே துண்டு. ஷிமானோவின் ஜப்பானியப் பாஸ் மீன் கோல்களிலோ 166எம்-2 என்று இருந்தால் முன்னால் நிற்கும் 1 காஸ்டிங் கோல் என்பதற்கான அடையாளம். அதே இடத்தில் 2 இருந்தால் ஸ்பின்னிங். நடுவில் உள்ள 66 நீளம், கோட்டுக்குப் பின் வரும் 2 துண்டுகள்.

பல ஆண்டுகளாக நான் கைக்கொள்ளும் ஒரு சோதனை இது. எண்ணில் எம், எம்எச், எச் போன்ற வலுவின் எழுத்து வேறு எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இலக்கங்களுக்குள் வலு ஒளிந்திருக்காது. ஒட்டி நிற்கும் கூடுதல் இலக்கம் துண்டுகளையோ கோலின் வகையையோ குறிக்கும். எழுத்து எங்குமே இல்லாமல் மூன்று இலக்கங்கள் மட்டும் இருந்தால், மூன்றாவது இலக்கம் பெரும்பாலும் வலு, முதல் இரண்டு பெரும்பாலும் அங்குலம். மேலே சொன்ன 210, 240 போன்ற மெட்ரிக் எண்கள் உட்பட இதற்கு விலக்குகள் உண்டு. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் அந்த நிறுவனத்தின் பட்டியலில் நீளம் தனிக் கட்டத்தில் என்னவென்று எழுதியிருக்கிறது என்பதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அறிகுறி: இரண்டு கோலிலும் எம் என்றே இருக்கிறது, ஒன்று மூங்கில் கழிபோல் விறைக்கிறது, மற்றொன்று துவள்கிறது

"அண்ணா, ரெண்டும் எம் தானே? இது மட்டும் ஏன் கட்டை மாதிரி இருக்குது?" என்று கேட்காதவர் இல்லை. மெலிந்ததிலிருந்து வலியது வரை யுஎல், எல், எம்எல், எம், எம்எச், எச், எக்ஸ்எச் என்று ஏறிச்செல்லும் இந்த எழுத்துகள் (எல் லைட், எம் மீடியம், எச் ஹெவி), ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசைக்குள் எது மெலிது, எது வலிது என்பதை மட்டுமே சொல்கின்றன. ஒரு தையல்காரர் மீடியம் என்று தைத்த சட்டையும் இன்னொருவர் மீடியம் என்று தைத்த சட்டையும் ஒரே மார்பளவில் இருக்கும் என்று நாம் எதிர்பார்ப்பதில்லை. கோலின் எம்மும் அப்படிப்பட்டதே. கடல் மீனுக்கென்று செய்த வரிசையின் எம், நன்னீர் வரிசையின் எச்சைவிட வலியதாக இருப்பது வெகு சாதாரணம்.

ஆகவே எழுத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் அச்சிட்டிருக்கும் லூர் (செயற்கை இரை) எடையைப் படியுங்கள். அது கிராமில் இருந்தால் நேராகவே ஒப்பிடலாம். அவுன்ஸில் இருந்தால், 1 அவுன்ஸ் 28.35 கிராம் என்ற கணக்கில் கால் அவுன்ஸ் 7 கிராம், அரை அவுன்ஸ் 14 கிராம், முக்கால் அவுன்ஸ் 21 கிராம் என்று மாற்றிக்கொள்ளலாம். ஒரு எம் கோலில் 5 முதல் 14 என்றும் இன்னொன்றில் 10 முதல் 28 என்றும் இருக்குமானால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

அச்சிட்டிருப்பதிலும் நம்பிக்கை இல்லாவிட்டால் வீட்டிலேயே அளந்துவிடலாம். அமெரிக்காவின் வில்லியம் ஹானெமன் என்பவர் வகுத்த காமன் சென்ட்ஸ் என்ற முறையில், கிடைமட்டமாக இறுக்கிய கோலின் நுனி, கோலின் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே இறங்கும்வரை நாணயங்களைத் தொங்கவிட்டு எண்ணுவார்கள். அந்நாட்டின் ஒரு சென்ட் நாணயம் 2.5 கிராம் என்பதால் அதையே எடைக்கல்லாகக் கொண்டார்கள். நம் ஒரு ரூபாய் நாணயங்கள் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு எடையில் வந்திருப்பதால் இந்த வேலைக்குச் சரிப்பட்டு வராது. தண்ணீர் போதும், ஒரு மில்லிலிட்டர் ஒரு கிராம்.

நான் செய்யும் விதம் இதுதான். கோலின் கைப்பிடியைத் திண்ணை விளிம்பில் வைத்து, மேலே ஒரு பலகையை இட்டு, ஆடாதபடி இரண்டு பேர் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். கோல் தரைக்கு இணையாக நீண்டிருக்க வேண்டும். நுனி நிற்கும் உயரத்தைப் பக்கத்துச் சுவரில் சுண்ணக்கட்டியால் குறித்து, அதற்குக் கீழே மூன்றில் ஒரு பங்கு நீளத்தில் இன்னொரு கோடு இழுக்க வேண்டும். 7 அடிக் கோல் 213 செ.மீ.; எனவே இரண்டாவது கோடு 71 செ.மீ. கீழே வரும். நுனி வளையத்தில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி, அளவுக் குவளையால் சிறிது சிறிதாகத் தண்ணீர் ஊற்றி, நுனி கீழ்க்கோட்டைத் தொட்டவுடன் நிறுத்திவிட்டு, பையோடு சேர்த்துச் சமையலறைத் தராசில் நிறுத்தால் கிடைப்பதுதான் அந்தக் கோலின் உண்மையான வலு. என்னிடம் உள்ள இரண்டு 7 அடி எம் கோல்களை இப்படி அளந்தபோது, ஒன்று கீழ்க்கோட்டைத் தொட ஏறத்தாழ அரை லிட்டர் தேவைப்பட்டது. மற்றதற்கு அதில் மூன்றில் இரண்டு பங்கே போதுமானதாக இருந்தது. எழுத்து ஒன்று, வலு இரண்டு. கிட்டத்தட்ட ஒரே நீளமுள்ள கோல்களை ஒப்பிட இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பையில் தண்ணீர் தொங்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். நுனிப்பகுதி மட்டும் செங்குத்தாகக் கவிழ்ந்து, அடிப்பகுதி நேராக நின்றால் அது ஃபாஸ்ட் ஆக்‌ஷன். கைப்பிடி வரை சீராக வில்லைப்போல் வளைந்தால் மாடரேட் அல்லது ஸ்லோ. பவர் என்பது வளைக்க எவ்வளவு எடை வேண்டும் என்பது. ஆக்‌ஷன் என்பது எந்த இடத்தில் வளைகிறது என்பது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வரும் கோளாறுகளைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

அறிகுறி: வீசினால் தூரம் போகவில்லை, அல்லது வீசும்போதே கோல் கிறீச்சிடுகிறது

லூர் அச்சிட்ட அளவைவிட இலேசாக இருந்தால் கோல் வளையாது. வளையாத கோலில் உந்தித் தள்ளும் விசை சேராது. எச் கோலில் 5 கிராம் ஜிக்கை (ஈயத்தலை பொருத்திய முள்ளை) கட்டிக்கொண்டு கையை எவ்வளவு வீசினாலும் பயன் இல்லை. நரம்பு (தூண்டில் இழை) தடிமனாக இருந்தாலும் தூரம் குறையும். ஆகவே முதலில் மெல்லிய பிரெய்டுக்கு (பல இழைகளைப் பின்னிய நரம்புக்கு) மாறிப் பார்த்துவிட்டு, பிறகு கோலைக் குறை சொல்லலாம்.

நம் பக்கத்தில் இதற்கு நேர் எதிரான கோளாறே மிகுதி. கட்லாவுக்கும் ரோகுவுக்கும் ஸ்பிரிங் (இரை உருண்டையைத் தாங்கும் கம்பிச்சுருள்) போடுபவர்கள், ஸ்பிரிங்கின் எடையை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி அழுத்தும் தவிடு, பிண்ணாக்கு உருண்டையை மறந்துவிடுகிறார்கள். 10 முதல் 30 கிராம் என்று அச்சிட்ட கோலோடு வந்த ஒருவரிடம், வழக்கமாகப் பிடிப்பதுபோலவே உருண்டை பிடித்துத் தராசில் வைக்கச் சொன்னேன். ஈரத்தோடு 95 கிராம் காட்டியது. சொல்லப்பட்ட மேல் எல்லையைப்போல் மூன்று மடங்கு. அதுவரை கோல் ஒடியாமல் இருந்ததற்கு அவர் பதமாக வீசியதுதான் காரணம்.

இந்த வேலைக்கு டெஸ்ட் கர்வ் அச்சிட்ட கோல்களே ஏற்றவை. நுனி, அடிக்கோலுக்குச் செங்குத்தாக 90 பாகையில் வளைய எத்தனை பவுண்டு எடை வேண்டுமோ அதுவே டெஸ்ட் கர்வ். 3 பவுண்டு என்றால் 1.36 கிலோ. அந்தக் கோல், ஒரு பவுண்டுக்கு ஓர் அவுன்ஸ் என்ற வழக்கமான கணக்கில், ஏறத்தாழ 3 அவுன்ஸ், அதாவது 85 கிராம் வீசும். 95 கிராம் உருண்டைக்கு மூன்றரை பவுண்டுக் கோல் பொருந்தும். அல்லது உருண்டையைச் சிறிதாக்குங்கள். செலவில்லாத தீர்வு அது.

அறிகுறி: மீன் கொத்துகிறது, ஆனால் முள் ஏறவில்லை, ஏறினாலும் பாதி வழியில் கழன்றுவிடுகிறது

ஏரி கோடி போய் அடங்கிய பிறகு, ஆகாயத்தாமரை படர்ந்த ஓரங்களில் விராலுக்குத் தவளை லூர் இழுப்பவர்கள் சொல்லும் குறை முதலாவது. தவளையின் இரட்டை முட்கள் முதுகோடு ஒட்டி மறைந்திருக்கும். மீன் கவ்விய பின் ரப்பரை நசுக்கி, முள்ளை விராலின் கடினமான தாடையில் ஏற்ற வேண்டும். அதன் பிறகு தலையைத் திருப்பவிடாமல் செடிக்கு மேலாகவே இழுத்துவர வேண்டும். துவளும் கோலில் உங்கள் இழுப்பெல்லாம் கோலை வளைப்பதிலேயே செலவாகிவிடும். எம்எச் அல்லது எச் வலுவும் ஃபாஸ்ட் ஆக்‌ஷனும், நீளாத பிரெய்டும் இங்கே தேவை.

இரண்டாவது குறை பெரும்பாலும் கெண்டை இனத்தில் வருகிறது. கட்லாவுக்கும் ரோகுவுக்கும் உதடு மென்மையானது. விராலுக்கு வாங்கிய அதே விறைத்த கோலால் அவற்றை இழுத்தால், மீன் தலையை ஆட்டும் ஒவ்வொரு முறையும் முள் குத்திய துளை பெரிதாகி, கரைக்கு அருகில் வரும்போது கழன்றுவிடும். வலு குறையத் தேவையில்லை. ஆக்‌ஷன் மாடரேட்டாக இருந்தால் போதும். எண்ணில் எஃப், எக்ஸ்எஃப் என்று இருப்பது ஃபாஸ்ட், எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட். டைவா எண்களில் அதே இடத்தில் ஆர் இருந்தால் ரெகுலர், அதாவது இன்னும் ஆழமாக வளைவது. கோலை மாற்ற வழியில்லாதவர்கள் ரீலின் டிராகை (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் தடையை) தளர்த்தி, பிரெய்டுக்கு முன்னால் சில அடி மோனோ நரம்பை (ஒற்றை இழை நைலான்) கட்டிக்கொண்டால் ஓரளவு ஈடுகட்டலாம்.

அறிகுறி: கோல் ஒடிந்துவிட்டது

ஒடிந்த இடமே காரணத்தைச் சொல்லும். நுனியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஒடிந்திருந்தால், மீனைக் காலடிக்கு இழுத்துவிட்டுக் கோலைச் செங்குத்தாகத் தூக்கியிருப்பீர்கள். அப்போது மொத்தச் சுமையும் மெல்லிய நுனி மேல் விழுகிறது. இதற்கு எந்த வலுவும் தாங்காது. கரைக்கு வந்த மீனைக் கையாலோ வலையாலோதான் எடுக்க வேண்டும். இணைப்புக்கு ஓரிரு விரற்கடை தூரத்தில் நீளவாக்கில் பிளந்திருந்தால், துண்டுகளை முழுமையாகச் செருகவில்லை என்று பொருள். நடுவில் பென்சிலை ஒடித்ததுபோல் ஒடிந்திருந்தால், முன்பே எங்கோ அடிபட்டிருக்கிறது: பேருந்துக் கதவு, வண்டியின் பக்கக் கம்பி, மதகுக் கல். அந்த மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் அடுத்த பெரிய மீனுக்காகக் காத்திருக்கும். கைப்பிடிக்கு அருகிலேயே ஒடிந்தால் மட்டுமே சுமை உண்மையில் மிஞ்சியது என்று சொல்லலாம்.

அந்தக் கடைசி வகைக்குக் காரணம் பெரும்பாலும் நரம்பு. கோலில் 10 முதல் 20 பவுண்டு என்று இருக்க, 50 பவுண்டு பிரெய்டைச் சுற்றி டிராகை முழுவதுமாக முறுக்கிவிட்டால், முதலில் அறுந்துபோக வேண்டிய பொருள் அறாமல் கோல் ஒடிகிறது. ஒரு கொக்கித் தராசை நரம்பு முனையில் மாட்டி இழுத்து, கோலின் மேல் எல்லையில் மூன்றில் ஒரு பங்கில் டிராக் நழுவும்படி வைத்துக்கொள்ளுங்கள். 20 பவுண்டு 9 கிலோ, ஆகவே 3 கிலோ. ஏரிக்குள் மூழ்கிக் கிடக்கும் சீமைக் கருவேல முள்ளில் லூர் மாட்டிக்கொண்டால் கோலை வளைத்து இழுக்கவே கூடாது. கோலை நரம்புக்கு நேராக நீட்டி, ஒரு குச்சியில் நரம்பைச் சுற்றி, கோலுக்கு வேலை கொடுக்காமல் பின்னால் நடந்து இழுக்க வேண்டும்.

அறிகுறி: ஐஎம்8 என்று கூடுதல் விலை கொடுத்தும் கோலில் வலு இல்லை

ஐஎம்6, ஐஎம்7, ஐஎம்8 என்பவை கார்பன் இழைக்கு ஹெர்குலிஸ் நிறுவனம் இட்ட வணிகப் பெயர்கள். பின்னர் ஹெக்ஸெல் நிறுவனத்துக்கு உரியவை ஆயின. தரத்துக்கான பொது அளவுகோல் அல்ல. 24டி, 30டி, 40டி (டி என்பது டன்) என்பவை இழையின் விறைப்பைக் குறிப்பவை. விறைப்பு மிகுந்த இழையால் அதே வலுவை மெல்லிய சுவரில் கொண்டுவர முடியும் என்பதால் கோல் எடை குறையும், அதிர்வு கைக்கு நன்றாக எட்டும். ஆனால் அடிபட்டால் எளிதில் உடையும். பவருக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. மண்மேட்டில் தூக்கிப் போட்டு எடுக்கும் பழக்கம் உள்ளவருக்குக் கண்ணாடியிழை கலந்த கோலே நெடுநாள் உழைக்கும் என்பது என் உறுதியான கருத்து.

கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை இந்த இடத்தில் சொல்லியே ஆக வேண்டும். நம் ஏரிக்கரைகளில் பம்புசெட்டுக்குச் செல்லும் கம்பிகள் தாழ்வாகத் தொங்கும் இடங்கள் உண்டு. அவற்றின் கீழே கோலை நிமிர்த்திக்கொண்டு நடக்கவோ வீசவோ கூடாது. வடகிழக்குப் பருவமழையில் இடி கேட்டவுடன் கோலைக் கீழே வைத்துவிட்டுக் கரையை விட்டு அகன்றுவிடுங்கள்.

அறிகுறி: மாற்று நுனி வளையம் பொருந்தவில்லை, அல்லது திரும்பிக்கொள்கிறது

நுனி வளையத்தின் குழாய் அளவு ஓர் அங்குலத்தை 64 பங்காக்கிய கணக்கில் சொல்லப்படுகிறது. 5 என்றால் 5/64 அங்குலம், ஏறக்குறைய 2 மி.மீ.; 6 என்றால் 2.4 மி.மீ. கோலின் மாடல் எண்ணில் இது இருக்காது. ஒடிந்த இடத்தை மட்டமாகத் தேய்த்து வெர்னியர் அளவுகோலால் அளந்து வாங்குங்கள். வேலூர் வெயிலில் மூடிய காருக்குள் கிடந்த கோலில் வளையம் தானாகத் திரும்பியிருந்தால், சூட்டில் இளகும் பசையே காரணம். இலேசாகச் சூடேற்றி, மற்ற வளையங்களோடு நேராக்கி ஆறவிட்டால் சரியாகிவிடும்.

அறிகுறி: எண் முற்றிலும் அழிந்துவிட்டது

பழைய கோலை வாங்குபவர்களுக்கு இது வழக்கம். நீளத்தை அளந்து, துண்டுகளை எண்ணி, மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனையைச் செய்து, உங்களிடம் உள்ள எண் தெரிந்த, அதே நீளக் கோலோடு ஒப்பிட்டால் வலு கிடைத்துவிடும். லூர் எடைக்கு, 5 கிராம் ஈயத்தில் தொடங்கி ஐந்தைந்து கிராமாகக் கூட்டி வெட்டவெளியில் வீசிப் பாருங்கள். தூரம் ஏறிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் ஏறாமல் நின்று, கோல் கையில் பின்தங்குவதுபோல் தோன்றும். அதற்கு முந்தைய ஈயமே அந்தக் கோலின் மேல் எல்லை. அந்த எண்களைக் கைப்பிடிக்கு மேலே நுண்முனைப் பேனாவால் எழுதி, காய்ந்த பிறகு நிறமற்ற நகப்பூச்சை இரண்டு முறை பூசிவிட்டால், ஏரித் தண்ணீரில் பல பருவங்கள் நின்றாலும் எழுத்து அழியாது.